வீட்டில் பாட்டுப் பதிவு: முதலில் விசிறியை நிறுத்துங்கள்

நான் முதன்முதலில் பதிவு செய்த பாட்டில் குரலோடு மின்விசிறியும் பாடியது. கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கருவி) போட்டதும் அந்த இரைச்சல் இன்னும் மேலே வந்தது. அதனால் மைக்கை விட அறையை முதலில் கவனியுங்கள். துணி தொங்கும் அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். கார்டியாய்டு மைக் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் அதிகம் கேட்கும். உங்கள் பின்னால் வெறும் சுவர் இருந்தால் எதிரொலியும் சேர்ந்துவிடும்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். உள்ளங்கையை வாய்முன் வைத்து 'பம்பரம்' என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள், புரியும்.

பதிவு மென்பொருளில் 24 பிட் தரத்தில் பதியுங்கள். உச்சக் குரலும் ஒலிமீட்டரில் -10 டெசிபலைத் தாண்டாதபடி கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வையுங்கள். மீட்டரில் சிவப்பு எரிந்தால் அந்த டேக் போச்சு. பஃபர் (கணினி ஒருமுறைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்துக் கையாளும் என்ற அளவு) பதிவின்போது 128 சாம்பிள், மிக்ஸிங்கில், அதாவது பதிந்த ஒலிகளைக் கலக்கும்போது, 1024.

மிக்ஸிங் என்றதும் பலரும் ஈக்யூவுக்கு (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தாவுகிறார்கள். நான் முதல் அரைமணி நேரம் ஒவ்வொரு ஒலியின் அளவையும் ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தவிர எதையும் தொடமாட்டேன். அப்புறம் குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளுக்கு வெட்டு. ரிவெர்ப் (செயற்கையாகச் சேர்க்கும் அறை எதிரொலி) காதில் விழும்வரை ஏற்றி, பிறகு கொஞ்சம் இறக்கிவிடுவேன். சத்தத்தை நன்றாகக் குறைத்தும் வரிகள் புரிந்தால் சரி. மறுநாள் காலை போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள்.