'மாலிஃபை': வேரைப் பிடித்துப் பொருளை அறிதல்

போட்டித் தேர்வுக்குப் படிப்போரும் மொழிபெயர்ப்போரும் அடிக்கடி தடுமாறும் ஆங்கில வினைச்சொற்களுள் 'மாலிஃபை' ஒன்று. 'சாந்தப்படுத்து' என்று அகராதியைப் பார்த்து மனப்பாடம் செய்தால், அதே பொருள் எழுதப்பட்ட வேறு நான்கு சொற்களோடு இது குழம்பிவிடும். ஆகவே முதலில் வேரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இலத்தீனில் 'மோலிஸ்' என்றால் மென்மையானது. 'ஃபாக்கெரே' என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து, 'மென்மையாக்கு' என்ற பொருளோடு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தன. நத்தை, கணவாய் போன்ற மெல்லுடலிகளைக் குறிக்கும் 'மொலஸ்க்', தோலை மென்மையாக்கும் களிம்பைக் குறிக்கும் 'எமாலியன்ட்' ஆகியவற்றுக்கும் இதுவே வேர். ('மாலிகாடில்' என்பது இக்குடும்பம் அன்று, அது மேரி என்ற பெயரின் செல்லவடிவமான மாலியிலிருந்து பிறந்தது.)

தொடக்கத்தில் இச்சொல் உடலுக்கும் பொருள்களுக்கும் வழங்கியது. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், ஏசாயா முதல் அதிகாரம் ஆறாம் வசனம், தைலத்தால் 'மாலிஃபைட்' செய்யப்படாத புண்களைப் பற்றிப் பேசுகிறது. அதே இடத்தில் பழைய தமிழ் விவிலியம் 'எண்ணெயினால் ஆற்றப்படாமலும்' என்கிறது. புண்ணும் ஆறும், சினமும் ஆறும், சூடான பாலும் ஆறும் என்று ஒரே வினையால் சொல்லிப் பழகிய நமக்கு, புண்ணிலிருந்து சினத்துக்கு இச்சொல் நகர்ந்தது வியப்பாகத் தோன்றாது.

இனிப் பயன்பாடு. கல்யாணத்துக்கு முதல்நாள் வரை ரவிக்கை தைத்து முடிக்காத தையற்காரரிடம் ஒரு பெண் சீறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தையற்காரர் மன்னிப்புக் கேட்டு, அப்போதே இயந்திரத்தில் அமர்ந்து தைத்து, கொக்கியும் வைத்துக் கொடுத்துக் கூலியையும் குறைக்கிறார். அவள் குரல் இறங்குகிறது, ஆனாலும் கைமடிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அந்த நிலைதான் 'மாலிஃபைட்'. கோபம் முற்றும் போய்விட்டது என்று பொருளில்லை, அதன் கடுமை இளகியிருக்கிறது; 'ஓரளவு' என்ற பொருள்தரும் 'சம்வாட்' இச்சொல்லுக்கு முன் அடிக்கடி வந்து அமர்வது அதனால்தான்.

சாந்தப்படுத்துதலையே குறிக்கும் அண்டைச் சொற்களிலிருந்து இதைப் பிரித்தறிய வேண்டும். 'அஸ்வேஜ்' பெரும்பாலும் உணர்வையே செயப்படுபொருளாகக் கொள்ளும். 'மாலிஃபை' பெரும்பாலும் ஆளைக் கொள்ளும். 'ப்ரொபிஷியேட்' தெய்வங்களுக்கு உரியது. 'அப்பீஸ்' அமைதி என்ற வேரிலிருந்து வந்ததுதான் என்றாலும், 1938இல் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன்லாந்துப் பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த பிறகு, பணிந்துபோதல் என்ற கறை அதில் படிந்துவிட்டது. ஒலியால் மயக்கும் 'நல்லிஃபை' செல்லாததாக்குவதைக் குறிப்பது. அதற்கும் சினத்துக்கும் தொடர்பில்லை.

மொழிபெயர்க்கும்போது தன்வினை, பிறவினை வேறுபாட்டைக் கவனியுங்கள். கோபம் நாளடைவில் தானாக ஆறிப்போவதற்கு 'மாலிஃபை' பொருந்தாது. இன்னொருவர் சொல்லாலோ செயலாலோ அதை ஆற்றியிருக்க வேண்டும். எனவே 'அவள் கோபம் ஆறியது' என்று எழுதுவதைவிட, 'தையற்காரர் கூலியைக் குறைத்து அவளைச் சற்று இளகவைத்தார்' என்று எழுதுவதே மூலத்துக்கு நெருக்கமானது.