இலைச்சாறும் மீன் அமிலமும்: அழுகாமல் நொதிக்க வைக்கும் முறை

செடிகளுக்கு வீட்டிலேயே நொதிக்கரைசல் தயாரிக்கத் தொடங்கும் பலர் முதல் ஜாடியோடு கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் நாற்றம். மூடியைத் திறந்தால் குமட்டுகிறது, வீட்டில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள், ஜாடி குப்பைக்குப் போகிறது. இயற்கை உரம் என்றால் நாறத்தான் செய்யும் என்று நம்பி அதையே செடிக்கு ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நாறினால் அது நொதிக்கவில்லை, அழுகியிருக்கிறது என்று அர்த்தம். இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகுதான் எனக்கும் இந்த வேலை கைவந்தது. அதனால் அதை வைத்தே இங்கே சொல்கிறேன்.

இரண்டு கரைசல்கள். ஒன்று இளந்தளிரில் எடுக்கும் இலைச்சாறு, இன்னொன்று மீன் கழிவில் எடுக்கும் மீன் அமிலம். இலைச்சாற்றை முதலில் செய்து பாருங்கள். ஒரு வாரத்தில் பலன் தெரிந்துவிடும், தவறினாலும் இழப்பு ஒரு பிடி இலைதான். கை பழகிய பிறகு மீனுக்குப் போகலாம்.

வெல்லம் எதற்கு

இலையையோ மீனையோ வெறும் தண்ணீரில் ஊறப்போட்டால், அழுக வைக்கும் பாக்டீரியாக்கள்தான் முதலில் பெருகும். அவை புரதத்தைச் சிதைக்கும்போது அம்மோனியாவும் கந்தகம் கலந்த வாயுக்களும் வெளியே வரும். நாற்றம் அதுதான். அதே இலையை நிறைய வெல்லத்தில் பிசறி வைத்தால் கதையே வேறு. வெல்லம் இலைக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். அந்தக் கெட்டியான இனிப்புச் சாற்றில் அழுக வைக்கும் கிருமிகளால் பிழைக்க முடியாது. ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் தாக்குப்பிடித்து, வெல்லத்தைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகளுக்கு வழி அடைபட்டுவிடும்.

கொரிய இயற்கை வேளாண்மை என்ற பெயரில் இந்த இலைச்சாற்று முறையைப் பரப்பியவர் தென்கொரியாவின் சோ ஹான்-கியு. ஈஸ்டும் பாக்டீரியாவும் ஏற்கெனவே இலையின் மேல் இருக்கின்றன என்பதால் தனியாக எதையும் சேர்க்க வேண்டாம். அந்த எளிமைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

இலையைப் பறிப்பது

வேகமாக வளரும் எந்தச் செடியின் நுனியும் சரி. முருங்கைக் கொழுந்து, சர்க்கரைவள்ளிக் கொடி நுனி, தண்டுக்கீரை, பூக்காத களைகள் என்று எது தளதளவென்று வளர்கிறதோ அதைப் பறியுங்கள். வளர்ச்சி ஹார்மோன்கள் செறிந்திருப்பது நுனியில்தான். முற்றிய இலை வேண்டாம். வேம்பு, யூகலிப்டஸ் போல நுண்ணுயிர்களை அடக்கும் இலைகளும் இதற்கு ஆகாது. பூச்சிமருந்து பட்ட செடியைத் தொடவே கூடாது.

வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள், இலையில் நீர் நிறைந்திருக்கும். கழுவாதீர்கள். நமக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் இலைப்பரப்பில்தான் இருக்கின்றன. மண் ஒட்டியிருந்தால் உதறினால் போதும். மழை பெய்த மறுநாள் பறிப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

எடை போடுவது

ஜாடி அழுகுவதும் நொதிப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. செய்முறை கேட்டால் எல்லோரும் “கொஞ்சம் வெல்லம் சேர்த்து” என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். அந்தக் “கொஞ்சம்” எவ்வளவு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இலை இரண்டு பங்குக்கு வெல்லம் ஒரு பங்கு என்பது குறைந்தபட்ச அளவு. பங்கு என்றால் எடை. கிண்ணக் கணக்கோ கைப்பிடிக் கணக்கோ இதற்கு ஒத்துவராது. இலை பார்வைக்குப் பெரிதாக இருக்கும், தூக்கினால் எடை இருக்காது. வெல்லம் நேர்மாறு. கண்ணால் அளந்தால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இளந்தளிரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 500 கிராம் இலையில் 400 கிராம் தண்ணீர். அதில் 100 கிராம் வெல்லம் போட்டால் சாற்றில் வெல்லம் சுமார் 20 சதவீதம்தான், அழுகும் கிருமிகள் தாராளமாக வளரும். 250 கிராம் போட்டால் 38 சதவீதத்துக்கு மேல் போகிறது. சரிக்குச் சரியாக 500 கிராம் போட்டால் 55 சதவீதத்தைத் தாண்டிவிடும். பருப்புக்கீரை போலத் தண்டிலேயே நீர் நிற்கும் செடி என்றாலோ, காற்றில் ஈரம் அதிகமாக உள்ள காலம் என்றாலோ நான் யோசிக்காமல் சம எடைக்குப் போய்விடுவேன். வெல்லம் கூடினால் நொதிப்பு மெதுவாகும், அவ்வளவுதான். குறைந்தால் ஜாடியே போய்விடும்.

சமையலறையில் வைக்கும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று இருக்கட்டும். இந்த வேலைக்கு எதற்காவது செலவு செய்வதென்றால் அதற்குச் செய்யுங்கள்.

வெல்லத்தில் என் தேர்வு கருத்த, பொடியாக உதிரும் நாட்டுச் சர்க்கரை. பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தில் நிறம் வெளுக்க ரசாயனம் சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு. அச்சு வெல்லம்தான் கிடைக்கிறது என்றால் நன்றாக இடித்துத் தூளாக்கிக்கொள்ளுங்கள். கட்டி கட்டியாகப் போட்டால் வெல்லம் எட்டாத மூலையில் அழுகல் தொடங்கிவிடும். வெள்ளைச் சர்க்கரையிலும் வேலை நடக்கும். கரும்புப் பாகு ஏற்கெனவே நீர்த்திருப்பதால் இலையிலிருந்து நீரை இழுக்கும் வேகம் அதற்கு இல்லை.

பிசறி நிரப்புவது

இலையை ஒரு அங்குல அளவுக்கு நறுக்கி, அகலமான பாத்திரத்தில் போட்டு, வெல்லத்தில் முக்கால்வாசியைச் சேர்த்துக் கையால் பிசறுங்கள். நசுக்க வேண்டாம், ஒவ்வொரு துண்டிலும் வெல்லம் ஒட்டினால் போதும். கொஞ்ச நேரத்திலேயே இலை துவண்டு கை பிசுபிசுக்கும். ஜாடியில் அமுக்கி நிரப்பி, மீதி வெல்லத்தை மேலே மூடாக்குப் போலப் பரப்பிவிடுங்கள். சுத்தமான கல் ஒன்றை மேலே வைத்து, மறுநாள் இலை அடங்கியதும் எடுத்துவிடலாம். அடங்கிய பிறகு ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு இலையும் ஒரு பங்கு காற்றும் இருக்க வேண்டும்.

ஜாடி வாய் அகன்ற பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடி அழகுதான், ஆனால் நொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிவந்துகொண்டே இருக்கும், யாராவது மறந்து இறுக மூடிவிட்டால் கண்ணாடி வெடிக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்த ஆபத்து தேவையில்லை. உலோகப் பாத்திரத்தை அமிலம் அரிக்கும்.

வாயை நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணியால் மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தேதியை மறக்காமல் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாள் ஜாடியைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் கருமையான சாறு தேங்கியிருக்கும், இலைகளுக்கு இடையிலிருந்து பொடிக் குமிழிகள் ஓரமாக ஏறிவரும். பச்சை மெல்ல வெளிறி இலை ஆலிவ் நிறத்துக்குப் போகும். ஐந்து முதல் ஏழு நாளில், குளிர் காலமென்றால் இன்னும் சில நாள் கழித்து, இனிப்பும் புளிப்பும் லேசான சாராய வாடையும் கலந்த மணம் வந்தால் வடிகட்டிவிடலாம். பிழிய வேண்டாம், தானாக வடியட்டும். பிழிந்தால் வண்டல் சேர்ந்து தெளிப்பானை அடைக்கும். சக்கையை மட்குக் குழியில் போடுங்கள்.

மீன் அமிலம்

தலை, குடல், செதில் என்று எதுவும் ஆகும், ஆனால் அன்றைக்கு வெட்டிய மீனாக இருக்க வேண்டும். நேற்றே நாற ஆரம்பித்த மீனை எவ்வளவு வெல்லம் போட்டாலும் மீட்க முடியாது. பொடியாக நறுக்கி, சம எடை வெல்லம் சேர்த்துப் பிசறுங்கள். இங்கே குறைக்கவே கூடாது, மீனில் புரதம் அதிகம் என்பதால் அழுகல் முந்திக்கொள்ளும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விட வேண்டாம். ஜாடியில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள்.

இதற்குத் துணி போதாது, பூனையும் எலியும் தேடி வரும். மூடி போட்டுக் கால் திருகு தளர்த்தி வையுங்கள். முதல் வாரம் தினமும் ஒரு தடவை திறந்து வாயுவை வெளியேற்றி, சுத்தமான கரண்டியால் ஒரு கிளறு கிளறிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் சதை கரைந்து எலும்பு மட்டும் மிஞ்சும், சாறு தேன் நிறத்தில் இருக்கும், மீன் வாடை போய்ப் பழவாடை வரும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கரண்டியால் எடுத்துவிட்டு, இரட்டைத் துணியில் வடிகட்டுங்கள்.

செடிக்குக் கொடுப்பது

கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக வளரும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. இலைச்சாறு 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. மீன் அமிலம் தொட்டிச் செடிகளுக்கு 1 லிட்டருக்கு 2 முதல் 3 மில்லி. மருந்து சிரிஞ்சு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். செறிவு கூடினால் இலை ஓரம் கருகும், இலைமேல் இனிப்பு படிந்து எறும்பும் பூஞ்சையும் வரும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால், திறந்த வாளியில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வாரம் ஒரு தடவை, காலையிலோ சாயங்காலமோ தெளிக்கலாம். முதலில் ஒரு செடியில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். மீன் அமிலத்தில் தழைச்சத்து அதிகம், பூக்கும் பருவத்தில் தொடர்ந்து கொடுத்தால் செடி இலையாகவே தள்ளும். மொட்டு வந்ததும் நிறுத்திவிட்டு, கனிந்த வாழை, பப்பாளி, பூசணியை இதே முறையில் சம எடை வெல்லத்தில் நொதிக்க வைத்த பழக்கரைசலுக்கு மாறிக்கொள்ளலாம். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளை அதில் சேர்க்காதீர்கள். கீரைகளுக்கும் பச்சையாகச் சாப்பிடும் காய்களுக்கும் நான் இலைமேல் தெளிப்பதில்லை, வேரில்தான் ஊற்றுவேன்.

இவை ஊக்கிகள்தான். தொட்டி மண்ணில் மட்கு இல்லையென்றால் இந்தக் கரைசல் ஒன்றும் செய்யாது. மட்கை முதலில் கவனியுங்கள், அப்புறம் ஜாடிக்கு வாருங்கள்.

பின்சேர்க்கை

இதைப் பார்த்துச் செய்தவர்கள் கேட்ட சில சந்தேகங்கள்.

மேலே வெள்ளையாக மெல்லிய படலம் வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஈஸ்ட்தான். கரண்டியால் எடுத்துவிட்டு ஒரு கைப்பிடி வெல்லம் தூவுங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோலப் படர்ந்தால் அது பூஞ்சணம், மொத்தத்தையும் மட்குக் குழியில் கொட்டி மூடிவிடுங்கள்.

புழு வந்துவிட்டது என்றவர்கள் எல்லோருமே ஓட்டை பெரிதான துணியைக் கட்டியிருந்தார்கள். பழ ஈக்குச் சின்ன இடைவெளி போதும். துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். இலையை நிரப்பும்போது ஜாடி விளிம்பில் ஒட்டிய வெல்லத்தையும் துடைத்துவிடுங்கள், ஈ முதலில் வந்து உட்காருவது அங்கேதான்.

சாறே வரவில்லை என்றால் இலை முற்றல் அல்லது வெயிலில் பறித்தது. தண்ணீர் சேர்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், வெல்லத்தின் செறிவு குறைந்துவிடும். இளந்தளிரைக் கூடுதலாக நறுக்கி, அதற்கேற்ற வெல்லத்தோடு சேர்த்துப் பிசறுங்கள்.

வடிகட்டிய சாற்றைப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடிய ஒருவருக்கு மூடி தெறித்து, சாறு சுவரெல்லாம் சிதறியிருக்கிறது. வடிகட்டிய பிறகும் நொதிப்பு சில வாரம் நடக்கும். பாட்டிலில் கால்வாசி இடம் விட்டு, மூடியைத் தளர்த்தியே வையுங்கள். குமிழி வருவது முழுதாக நின்ற பிறகு மூடினால் இருட்டான இடத்தில் பல மாதம் இருக்கும். எப்போது திறந்தாலும் முதலில் முகர்ந்து பாருங்கள். புளிப்பு மணம் இருந்தால் கொடுக்கலாம், அழுகல் வாடை வந்தால் எந்தச் செடிக்கும் வேண்டாம்.