யாழ்ப்பாணத்தில் ஓடும் தண்ணீரைப் படமெடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் ஓடும் தண்ணீரைப் படமெடுக்கப் போகிறேன் என்று சொன்னால் கேட்பவர் சிரிக்கத்தான் செய்வார். வற்றாத ஆறு ஒன்றுகூடக் குடாநாட்டில் இல்லை. பெய்கிற மழையில் பெரும்பங்கைச் சுண்ணாம்புக்கல் உள்ளே இழுத்துக் கிணறுகளுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆனால் மாரி பிடித்தால் கதை வேறு. ஐப்பசி பாதியிலிருந்து மார்கழி வரை, தெல்லிப்பழைப் பக்கமிருந்து கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலிக்கு வழுக்கையாறு ஓடும். வயல் வாய்க்கால்கள் மதகுகளுக்குள்ளால் பாயும். தொண்டைமானாற்றில் உவர்நீர்த் தடுப்பணையின் கதவுகளைத் திறந்தால் வெள்ளம் கடலை நோக்கி இழுக்கும். வேலையால் களைத்த மனதுக்கு, ஒரு மதகுக் கட்டில் குந்தியிருந்து தண்ணீரைப் பார்த்துப் பார்த்துப் படமெடுப்பது நல்ல ஆறுதல். அது எரிச்சலில் முடிகிறதென்றால், வேறு ஊர்த் தண்ணீரின் கணக்கை நம் தண்ணீருக்குப் போட்டுப் பார்த்திருப்போம்.

இணையத்தில் சொல்லித் தருகிறவர்கள் அநேகமாக மலையருவிக்குப் பக்கத்தில் நின்றே சொல்லித் தருகிறார்கள். ‘ஷட்டரை, அதாவது கமராவுக்குள் ஒளியை விடும் கதவை, ஒரு விநாடிக்குத் திறந்து வையுங்கள், தண்ணீர் வெள்ளைப் பட்டாக வரும்’ என்பார்கள். அவர்களுக்கு வரும். உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் காற்று கலந்து குமிழி உண்டாகிறது. படத்தில் தெரிகிற வெள்ளை அந்தக் குமிழிதான். நம் நிலம் தட்டை. வாய்க்காலில் மெல்ல நகரும் தண்ணீரை ஒரு விநாடி திறந்து பிடித்தால் நெளிவும் இல்லை, நுரையும் இல்லை, மங்கலான ஒரு தளம் மட்டும் மிஞ்சும். வலிகாமத்துச் செம்மண் கரைந்த நாளென்றால் கேட்கவே வேண்டாம், பால்தேத்தண்ணி ஊற்றிவிட்டதுபோல இருக்கும்.

ஆகவே கமராவைத் தொடுவதற்கு முன் தண்ணீர் எங்கே வேகம் எடுக்கிறது என்று தேடுங்கள். அகலமாக வந்த தண்ணீர் ஒடுங்கிய வழியால் போகவேண்டி வந்தால் அங்கே வேகம் கூடும். அதனால்தான் மதகின் வாய் எப்போதும் நல்ல இடம். வயலிலிருந்து தண்ணீர் வாய்க்காலுக்கு வழியும் வரம்பு வெட்டு, கரையோர மரவேர், யாரோ துணி தோய்க்கப் போட்ட கல், இவையும் நல்லவைதான். இந்த இடங்களில் கால் விநாடியில் தொடங்குங்கள். தண்ணீரின் இழைகள் தனித்தனியாகத் தெரியும். இன்னும் வேகமாகப் பாய்ந்தால் எட்டிலொரு விநாடி போதும். தடுப்பணைக் கதவடியில் தெறிக்கிற தண்ணீருக்கு ஆயிரத்திலொரு விநாடி வைத்துத் துளிகளை உறைய வைப்பது எனக்கு அதிகம் பிடிக்கும். எல்லாத் தண்ணீரையும் பட்டாக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

மெல்ல ஓடும் தண்ணீரிலும் படம் இருக்கிறது. அதற்கு மேலே ஏதாவது மிதக்க வேண்டும். நுரைத்திட்டோ உதிர்ந்த பூவரசம் இலையோ போதும். பத்து, பதினைந்து விநாடி திறந்து வைத்தால் அவை போன பாதை கோடாக விழும், சுழி இருந்தால் வட்டம் கீறும். மிதப்பது எதுவும் இல்லையென்றால் அந்த இடத்தில் நீண்ட ஷட்டரால் பிரயோசனம் இல்லை.

அடுத்த தவறு வெளிச்சம். மழை விட்டு வெயில் எறித்ததும் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். நடுப்பகல் வெயிலில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, துவாரம் (ஒளி நுழையும் ஓட்டை, எஃப் எண் கூடினால் அது சுருங்கும்) எஃப் 11 என்று வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய இருநூறிலொரு விநாடிக்குப் போய்விடும். அதைக் கால் விநாடிக்கு இறக்குவதற்காகத் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்குவார்கள். அப்போதும் ஐம்பதிலொரு விநாடிதான் கிடைக்கும். போதாததற்கு ஒளி வளைந்து படம் முழுவதும் கூர்மை இழக்கும். வெயிலில்தான் எடுப்பேன் என்றால் லென்ஸுக்கு முன்னால் பூட்டுகிற கருங்கண்ணாடியான என்டி 64 பில்டர் வேண்டும். அது ஒளியை அறுபத்துநான்கில் ஒன்றாகக் குறைக்கும், இருநூறிலொரு விநாடி மூன்றிலொரு விநாடி ஆகும். ஆனால் காசு செலவழிக்கத் தேவையே இல்லை, மாரிகால வானம் அந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. முகில் மூடிய நாளில் விடிந்த முதல் மணித்தியாலம் போனால் கால் விநாடி தானாக வரும். நிழலும் வெளிச்சமும் சண்டை பிடிக்காததால் நுரையின் வெள்ளை வெளிறிப் போகாது. முகில் நாளில் நிறம் நீலம் தட்டினால் கமராவின் வெண்சமநிலையை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பை) முகிலுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு பில்டர் வாங்குவதென்றால் பொலரைசர் வாங்குங்கள் என்பேன். தண்ணீரின் மேலே படியும் வானத்துப் பளபளப்பை அது வெட்டும், அடியிலுள்ள கல்லும் பாசியும் தெரியும். ஒளியையும் நான்கில் ஒன்று வரை குறைக்கும். அதைப் பூட்டிவிட்டு முழுதாகத் திருப்பி வைப்பதுதான் பலர் விடும் பிழை. பின்னேர வானத்தின் நிறம் தண்ணீரில் விழுந்திருக்கும்போது அதையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள். கண்ணால் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்புங்கள்.

கமராவைத் தாங்கும் முக்காலியான ட்ரைபொட்டைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இங்கே சேர்க்க வேண்டியது காற்றும் சேறும். மாரியில் வாடைக்காற்று திறந்த வயலில் தடையில்லாமல் வரும். நடுத்தண்டை உயர்த்தாமல், பையை அதில் தொங்கவிட்டு, தாழ்வாக வையுங்கள். ஈர மண்ணில் கால்களை அழுத்தி ஊன்றிவிட்டு அரை நிமிடம் பொறுங்கள், இல்லாவிட்டால் படம் எடுக்கும்போதே மெல்லத் தாழும். இரண்டு விநாடி டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். ட்ரைபொட் இல்லாதவருக்கு மதகுக் கட்டும் மடித்த துவாயும் இருக்கின்றன.

போனில் எடுப்பவர்கள் தங்களைக் குறைவாக நினைப்பதும் தவறுதான். ஐபோனில் அசைவையும் சேர்த்துப் பதியும் லைவ் படமாக எடுத்துவிட்டுப் பிறகு நீண்ட ஒளிப்பதிவாக மாற்றலாம். பல அன்ட்ரொய்ட் போன்களில் புரோ முறையில் ஷட்டரை நேரடியாகவே வைக்கலாம். ஆனால் பெரும்பாலான போன்களில் துவாரம் சுருங்காது, ஆகையால் வெயிலில் படம் வெளுத்துப் போகும். விடியலும் முகிலும் போன்காரருக்கு இன்னும் அவசியம்.

ஒரே காலையில் கந்தரோடை, அராலி, தொண்டைமானாறு என்று மோட்டார் சைக்கிளில் சுற்றுவது இன்னொரு பழக்கம். ஆறுதலுக்கு என்று தொடங்கியது அஞ்சலோட்டம் ஆகிவிடும். ஒரு மதகு, ஒரு பிளேன்ரீ போத்தல், போதும். அரை மணித்தியாலம் இருந்தால்தான் எந்தக் கல்லில் தண்ணீர் எப்படித் திரும்புகிறது என்று கண்ணுக்குப் பிடிபடும். கரையில் கிடக்கும் பொலித்தீன் பையும் அப்போதுதான் தெரியும். பிறகு கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்று விடாமல் ஒரு தடியால் எடுத்துவிடுங்கள்.

தண்ணீருக்குள் இறங்குவதில்தான் நான் கண்டிப்பு. 2024 மார்கழியில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. அந்தக் கிருமி எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காலிலுள்ள சிறு கீறல் வழியாகக்கூட உள்ளே போகும். முழங்கால் வரை றப்பர் சப்பாத்துப் போடுங்கள், காயம் இருந்தால் கரையிலேயே நில்லுங்கள். இறங்கி நனைந்தபின் காய்ச்சலும் தசைநோவும் வந்தால் வைத்தியரிடம் வெள்ளத்தில் நின்றதை மறக்காமல் சொல்லுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது மதகுக் குழாய்க்குள் எட்டிப் பார்க்கவே வேண்டாம், உள்ளிழுக்கும் வேகம் வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலடியிலும் கீரிமலைக் கேணியிலும் ஆட்கள் குளிப்பார்கள், நேர்த்தி முடிப்பார்கள், பிதிர்க்கடன் செய்வார்கள். அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். இராணுவ முகாம் வேலி படத்துக்குள் வருகிற இடத்திலும் அப்படித்தான், கேள்வி வரும் முன்னே கோணத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

கடலோரம் போய்வந்தால் லென்ஸை உலர்ந்த துணியால் உடனே துடைத்துவிடாதீர்கள். காய்ந்த உப்பு கண்ணாடியில் கீறும். முன்னால் பூட்டிய பில்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள், கமராவின் உடலையும் ட்ரைபொட்டின் மூட்டுகளையும் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். எல்லாம் காய்ந்த பிறகே பைக்குள் வையுங்கள். ஈரத்தோடு மூடிய பையில் மாரிகாலம் முழுவதும் கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு திருத்துகிற செலவில் இன்னொரு லென்ஸே வாங்கலாம்.