ஆமைத் தடம் தேடவும் பறவை எண்ணவும் இருவராகப் போவது எப்படி

என் வீட்டுக்காரர் தபால்காரராக முப்பது வருஷம் நடந்தவர். நான் பள்ளியில் கணக்கு எடுத்தவள். இருவருக்கும் பணி முடிந்ததும், தை பிறந்தால் பரமக்குடியில் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் ஓரத்தில் எங்களால் முடிந்த வேலையைச் செய்துவிட்டு வருகிறோம். உங்களில் யாராவது இப்படிக் கிளம்ப நினைத்தால் இது உதவட்டும்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1986இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்கா 560 சதுர கிலோமீட்டர். பாம்பன் பக்கம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள்; அதில் இரண்டு இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. மீதித் தீவுகளிலும் நினைத்தபடி இறங்க முடியாது. பாம்பன் பக்கம் உள்ள குந்துகாலில் இருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போய்வரலாம். பவளப்பாறையைப் பார்க்க ஆசை இருந்தால் அதை ஒரு நாள் முடித்துக்கொள்ளுங்கள். தொண்டு செய்யும் வேலை பெரும்பாலும் கரையில்தான்.

மாதத்தைக் காற்றை வைத்து முடிவு செய்யுங்கள். முதல் வருஷம் நாங்கள் ஆடியில் போனோம். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது, படகு எடுக்கவில்லை, மூன்று நாளும் அறையிலேயே கழிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தையில் இருந்து பங்குனி வரை வாருங்கள். பறவைக் கணக்கெடுப்பும் ஆமை முட்டையிடும் காலமும் அதற்குள் வந்துவிடும்.

அனுமதி இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு மார்கழியிலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில், ஒரு பக்கம் போதும். இருவர் பெயர், வயது, எந்தத் தேதியில் இருந்து எத்தனை நாள், இரவில் எவ்வளவு தூரம் நடக்க முடியும், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று உள்ளதை எழுதி, ஆதார் நகல் வைத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். "எந்த வேலையும் செய்வோம்" என்பதைவிட, "ஐந்து கிலோமீட்டர் நடப்போம், குறிப்பு எழுதுவோம்" என்பதே அவர்களுக்கு உதவும்.

சரி, ஆமை நடை. இங்கே கரையேறுவது பெரும்பாலும் பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி. தனுஷ்கோடிப் பக்கம் நள்ளிரவு தாண்டிக் காவலர்களோடு கிளம்பினால் விடியும் வரை நடை. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் கரையேற வந்த ஆமை திரும்பிப் போய்விடும். அலை ஏறி நின்ற கோட்டை ஒட்டியே நடந்தால் தடம் கண்ணில் படும். இரண்டரை அடி அகலத்தில், டிராக்டர் சக்கரம் ஏறிப்போனது போல இருக்கும்.

தடத்தைப் பார்த்ததும் நின்றுவிடுங்கள், கை வைக்காதீர்கள். ஆமையும் முட்டையும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, தோண்டுவது காவலர் வேலை. போன மாசியில் ஒரு காவலர் மண்டியிட்டு, கையாலேயே மணலைத் தள்ளினார். முழங்கை மறையும் ஆழத்தில் முட்டைகள், பிங்பாங் பந்து அளவில், மேலே பிசுபிசுவென்று ஈரத்தோடு. ஒவ்வொன்றாக எடுத்தார், எதையும் புரட்டவில்லை. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் புரட்டினால் செத்துவிடும் என்றார். நான் எண்ணினேன், என் வீட்டுக்காரர் வாளியைப் பிடித்தார். 112. அதே குழி மணலைக் கொஞ்சம் வாளியில் போட்டு, பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குப் பானை வடிவில் குழி எடுத்து இறக்கினார்கள். குச்சியில் தேதியும் எண்ணிக்கையும் எழுதிக் கட்டியது நான். விட்டுவைத்தால் நாயோ நரியோ தோண்டிவிடும், அதனால்தான் இந்த மாற்றம்.

பறவைக் கணக்கு எளிதாகத் தோன்றும், ஆனால் கண் பழக வேண்டும். ஒருவர் பைனாகுலரை இறக்காமல் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். தனுஷ்கோடியில் பூநாரைக் கூட்டம் நின்றால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கி, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். ஆலா என்னும் கடற்பறவைகள் பறந்துகொண்டே இருக்கும், அவற்றை முதலில் முடியுங்கள். சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணையே எழுதுங்கள்.

இரவு நடைக்கு அப்புறம் ஒரு நாள் உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். நாங்கள் காரங்காட்டுக்குப் போவோம். பூங்காவுக்கு வெளியே, பாக் விரிகுடாப் பக்கம். ஊர்க்காரர்களே அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போவார்கள்.

கரையில் பாசி எடுக்கும் பெண்களையும் மீனவர்களையும் பார்ப்பீர்கள். நமக்கு முன்னாலேயே இந்தக் கடலை அறிந்தவர்கள், அவர்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள். கடல் பசுவை ஆவுளியா என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் எந்த வருஷம் எங்கே பார்த்தோம் என்று சொல்வார்கள். கரை ஒதுங்கிய அறுந்த வலையை அகற்றும்போதும் அவர்களையே கேளுங்கள். காயப்போட்ட வலையை நாம் குப்பை என்று நினைத்துவிடக் கூடும்.

குடிதண்ணீர், தொப்பி, மாற்றுச் செருப்பு, மாத்திரை எல்லாம் சொல்லாமலே எடுத்துக்கொள்வீர்கள்.

முட்டை புதைத்து ஐம்பது நாள் வாக்கில் இன்னொரு முறை வர முடிந்தால் கட்டாயம் வாருங்கள். அதிகாலையில் குஞ்சுகளைக் கடலுக்கு விடும்போது நேராகத் தண்ணீரில் போடுவதில்லை, மணலில் சில அடி தாங்களே ஊர்ந்து போகட்டும் என்று விடுவார்கள். நம் கால் பதிந்த பள்ளம்கூட அவற்றுக்குக் கிணறு மாதிரி. அதனால் அவை கிளம்பும் முன் என் வீட்டுக்காரர் ஒரு பலகையை எடுத்து, கடல் வரை உள்ள கால்தடத்தையெல்லாம் சமன் செய்துகொண்டே போவார். நான் பின்னால் நின்று, விட்டுப்போன பள்ளங்களைச் சொல்வேன்.