பழைய நிக்கான் டி40 கேமராவுக்கு முதல் லென்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2006-ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான நிக்கான் டி40, இன்று பலருக்கு அண்ணனோ சித்தப்பாவோ கொடுத்த கேமராவாகவோ, பழைய கேமரா விற்கும் கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்த கேமராவாகவோ கைக்கு வருகிறது. ஆறு மெகாபிக்சல்தானே என்று அதை ஒதுக்க வேண்டியதில்லை. 3008-க்கு 2000 புள்ளிகள் கொண்ட அதன் படத்தைப் பத்து அங்குல அகலத்துக்குத் தாராளமாக அச்சிடலாம். புள்ளிகள் குறைவாக இருப்பதால் லென்ஸின் சிறு குறைகளும் படத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆகவே, இந்தக் கேமராவுக்காக விலையுயர்ந்த லென்ஸைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. பணத்தைவிடக் கவனத்தைத்தான் இங்கே அதிகம் செலவிட வேண்டும், ஏனெனில் மாட்டிவிடக்கூடிய லென்ஸ் எல்லாம் டி40-இல் முழுமையாக வேலை செய்வதில்லை.

லென்ஸைக் கேமராவில் பூட்டும் வளையமான நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-இல் வந்தது. அதன் வடிவம் அடிப்படையில் மாறாததால் பல தலைமுறை லென்ஸ்கள் டி40-இல் பொருந்தி உட்காரும். சிக்கல் ஃபோக்கஸில் இருக்கிறது. பழைய ஏஎஃப் (தானியங்கி ஃபோக்கஸ்), ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவின் உடலில் உள்ள மோட்டார்தான் ஒரு சிறு திருகாணி முனையின் வழியாக அவற்றைச் சுழற்றும். லென்ஸைக் கழற்றிவிட்டு டி70, டி90 போன்ற கேமராக்களின் மவுன்ட் வளையத்தைப் பார்த்தால், இடப்பக்கம் கீழே அந்த முனை சற்றே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். டி40-இல் அது இல்லை. எனவே டி40-க்கு வாங்கும் நிக்கான் லென்ஸின் உடலில் ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். டாம்ரான், சிக்மா போன்ற நிறுவனங்களின் லென்ஸ் என்றால், உள்ளேயே மோட்டார் உள்ளதா என்று கேட்டு, முடிந்தால் உங்கள் கேமராவிலேயே மாட்டிச் சோதித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

புதிய லென்ஸ் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. பின்னாளில் வந்த ஏஎஃப்-பி வகை லென்ஸ் டி40-இல் ஃபோக்கஸ் ஆகவே ஆகாது. அதன் ஃபோக்கஸ் வளையமும் மின்னணு முறையில் இயங்குவதால் கையால் திருப்பியும் பயனில்லை. ‘இ’ வகை லென்ஸ்களில் அபெர்ச்சர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் திறப்பு, மின்சாரத்தால் இயங்குகிறது, அதை இயக்கும் வசதி டி40-இல் இல்லை. மிகப் பழைய, கையால் மட்டும் ஃபோக்கஸ் செய்யும் லென்ஸ்களை மாட்டலாம் என்றாலும் கேமரா வெளிச்சத்தை அளந்து சொல்லாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். நான் முதலில் வாங்கியது ஏஎஃப்-டி வகையைச் சேர்ந்த 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸ் (எஃப் எண் சிறிதாக இருந்தால் அபெர்ச்சர் பெரிதாகத் திறக்கும்). விலை குறைவு, கண்ணாடி நல்லது, “எல்லா நிக்கானுக்கும் ஆகும்” என்று விற்றவர் உறுதி சொன்னார். வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகுதான் ஷட்டர் பொத்தானை எத்தனை முறை பாதி அழுத்தினாலும் லென்ஸ் அசையவில்லை என்பது தெரிந்தது. வியூஃபைண்டரின் இடது மூலையில் ஒளிரும் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே கையால் ஃபோக்கஸ் செய்யலாம்தான், உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை அப்படி எடுத்தும் இருக்கிறேன். ஓடியாடும் குழந்தையிடம் அது செல்லாது.

அடுத்து, எந்தக் குவியத்தூரம் (18, 35, 50 மி.மீ. என்று லென்ஸில் எழுதியிருக்கும் எண்; அது கூடக்கூடக் காட்சி நெருங்கி வரும்) வேண்டும் என்பதை உங்கள் பழைய படங்களிடமே கேளுங்கள். கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸில் எடுத்த இருநூறு படங்களைக் கணினியில் திறந்தால், ஒவ்வொன்றின் தகவலிலும் குவியத்தூரம் பதிவாகியிருக்கும். எந்த எண் அடிக்கடி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஜூம் வளையத்தை 35-இல் நிறுத்தி, எளிதில் உரிந்துவிடும் டேப்பை ஒட்டி ஒரு வாரம் அப்படியே படம் எடுங்கள். பின்னோக்கி நகர இடமில்லாமல் அடிக்கடி தவித்தால் உங்களுக்கு அகலக்கோணம்தான் தேவை, அதற்குக் கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையே போதும். தவிப்பு இல்லையென்றால் வாங்க வேண்டியது எது என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

பெரும்பாலானோருக்கு நான் பரிந்துரைப்பது 2009-இல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி லென்ஸையே. டி40-இன் சிறிய சென்சாரில் இது ஃபிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸ் காட்டிய பரப்பை ஏறத்தாழ அப்படியே காட்டும். எடை 200 கிராம்தான், 30 செ.மீ. வரை நெருங்கி எடுக்கலாம். இதன் உண்மையான பலன் மாலை ஆறரை மணிக்கு, கூடத்தில் ஒற்றைக் குழல்விளக்கு எரியும்போது தெரியும். ஜூம் வளையத்தை அதே இடத்தில் வைத்தால் கிட் லென்ஸின் அபெர்ச்சர் ஏறத்தாழ எஃப் 4.5 வரைதான் திறக்கும், எஃப் 1.8 அதைப் போல் ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. கிட் லென்ஸில் 1/15 நொடியில் குலுங்கிப் போன படம் இதில் 1/90 நொடியில் தெளிவாக வரும். டி40-இன் வழக்கமான ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான சென்சாரின் உணர்திறன்) 1600-உடன் முடிந்துவிடுவதால், பழைய கேமராவுக்கு இந்தக் கூடுதல் வெளிச்சம் புதிய கேமராக்களுக்கு உதவுவதைவிட அதிகமாகவே உதவுகிறது.

முகங்களை மட்டுமே எடுப்பவர் 50 மி.மீ. எஃப் 1.8 ஜி லென்ஸை வாங்கலாம். இதில் மோட்டார் உண்டு, ஆனால் சிறிய அறையில் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். பறவை, விளையாட்டு என்று தூரத்துக் காட்சிகளில் ஆசை உள்ளவருக்கு 55-200 மி.மீ. விஆர் (அதிர்வுக் குறைப்பு) லென்ஸ் பகல் வெளிச்சத்தில் போதுமானது. விஆர் நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறக்கும் கொக்கை நிறுத்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பழைய லென்ஸை வாங்கும்போது கைபேசியின் டார்ச்சைக் கொண்டு சோதியுங்கள். பின்பக்கக் கண்ணாடி வழியே வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சி, முன்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு மூன்று தூசித் துகள்கள் பொருட்டில்லை. சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை; விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தால் படம் கெடுவது அபூர்வம், பின்கண்ணாடிக் கீறல் அப்படியல்ல. பிறகு லென்ஸின் பின்புறம் உள்ள சிறு நெம்புகோலை விரல்நகத்தால் தள்ளி விடுங்கள்: அபெர்ச்சர் இதழ்கள் திறந்து, விட்டவுடன் சட்டென்று மூட வேண்டும். மந்தமாக மூடினால் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கலாம்.

நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சை நல்ல லென்ஸையும் விட்டுவைக்காது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறியதும் அவற்றை மாற்றுங்கள் அல்லது சூடாக்கி உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது அந்த டப்பாவைத் திறந்து மணிகளின் நிறத்தைப் பாருங்கள்.