தெளிவாக அறியப்படாத ஒரு புரதத்தைப் படிப்பது எப்படி?

சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ உயிரியல் பட்டப் படிப்பில் சேரும் மாணவருக்கு ஹீமோகுளோபின் மரபணு எளிதில் புரிந்துவிடும். அம்மரபணுவின் மாற்றத்தால் வரும் அரிவாள் செல் சோகை அட்டப்பாடியில் உள்ளதால் அது நம் பகுதிக்கு அயலான செய்தியும் அன்று. பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் அமைவதால் என்ன விளைகிறது என்பது ஐயமறத் தெரிந்ததாகும். ஆனால் மனிதரிடம் புரதங்களுக்குரிய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றுள் பலவற்றின் புரதம் செய்யும் வேலை இன்னும் அரைகுறையாகவே விளங்கியிருக்கிறது. செயல்திட்டத்துக்கு அத்தகைய ஒன்றை எடுப்பவர், நிறுவப்பட்டதையும் ஊகிக்கப்பட்டதையும் முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் தனித்தனியாகக் குறித்துவர வேண்டும்.

சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் குரோமோசோமில் 72 என்ற வரிசை எண் பெற்ற திறந்த வாசிப்புச் சட்டகம், அதாவது புரதமாக வாசிக்கப்படக்கூடிய டிஎன்ஏ பகுதி, என்பதற்கு மேல் இப்பெயர் எதையும் சொல்வதில்லை. முதலில் யூனிப்ராட் தரவுத்தளத்தில் மனிதப் புரதத்தின் பதிவைத் திறந்து, க்யூ96எல்டி7 (Q96LT7) என்ற அதன் அடையாள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அதன் நீண்ட வடிவத்தில் 481 அமினோ அமிலங்கள் உள்ளன. குறுகிய வடிவமும் உண்டு என்பதால், ஒவ்வோர் ஆய்வும் எந்த வடிவத்தைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். புரதம் இருப்பதற்குச் சோதனைச் சான்று உண்டு என்று பதிவில் இருந்தால், அதன் வேலை தெரிந்துவிட்டது என்று பொருளல்ல. வேலையைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் உள்ள சான்றைத் திறந்து, அது ஆய்வகச் சோதனையா, ஒத்த புரதத்திலிருந்து செய்த ஊகமா என்று பாருங்கள். மாணவர்கள் மிகுதியாகத் தாண்டிச் செல்வது இந்த இடத்தைத்தான்.

அடுத்து, புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் தரும் வடிவத்தைப் பார்க்கலாம். நம்பக மதிப்பு 90க்கு மேலுள்ள பகுதி அடர்நீலத்திலும், 50க்குக் கீழுள்ளது ஆரஞ்சிலும் தெரியும். ஆரஞ்சுப் பகுதியின் வளைவுகளுக்கு விளக்கம் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். அங்கே நிலையான வடிவமே இல்லாமலும் இருக்கலாம்.

நோய்த் தொடர்பைப் படிக்கும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. இம்மரபணுவில் ஆறு டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட தொடர் ஒன்று நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ திரும்பத் திரும்ப வருவது, இயக்க நரம்பணுக்கள் அழியும் ஏஎல்எஸ் நோய்க்கும் ஒருவகை மறதி நோய்க்கும் காரணம் என்று 2011இல் கண்டறியப்பட்டது. அத்தொடர் அமைந்திருப்பதோ புரதமாக மாறும் பகுதிக்கு வெளியே, ஓர் இன்ட்ரானில். ஆகவே நோய்க்குப் புரதம் குறைவதை மட்டும் காரணமாகக் கொள்ள முடியாது. அத்தொடரிலிருந்து உண்டாகும் ஆர்என்ஏ திரள்களும், அதிலிருந்தே தோன்றும் வழக்கத்துக்கு மாறான சிறு புரதங்களும் ஆராயப்படுகின்றன. இம்மரபணு நீக்கப்பட்ட எலிகளில் மண்ணீரல் வீக்கமும் நோயெதிர்ப்புக் கோளாறுகளும் காணப்பட்டன. ஏஎல்எஸ் போன்ற நரம்பணு அழிவு காணப்படவில்லை. எஸ்எம்சிஆர்8, டபிள்யூடிஆர்41 ஆகிய புரதங்களுடன் இது கூட்டாக இயங்குவதும், செல்லின் கழிவுகளைச் சிதைக்கும் லைசோசோமோடு தொடர்புடையதாக இருப்பதும் சோதனைகளில் தெரிந்தவை. ஆனால் நரம்பணுவுக்குள் அக்கூட்டு என்ன செய்கிறது என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை.

புரதம் எந்தத் திசுவில் உள்ளது என்று காட்டும் படங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. புரதத்தோடு ஒட்டி அதை அடையாளம் காட்டப் பயன்படும் ஆன்டிபாடி வேறு புரதத்தோடும் ஒட்டக்கூடும் என்பதால், மரபணு நீக்கப்பட்ட செல்லில் அந்த அடையாளம் மறைகிறதா என்று சோதித்த ஆய்வுகளையே முதன்மையாகக் கொள்ளுங்கள். 2019இல் அவ்வாறு சோதித்தபோது, இப்புரதத்துக்கென விற்கப்பட்ட பல ஆன்டிபாடிகள் தேறவில்லை.

உறவினர் எவரேனும் மரபணுப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்து விளக்கம் கேட்டால், இந்தக் குறிப்பேட்டைக் கொண்டு பதில் சொல்லாமல், மரபியல் ஆலோசகரிடம் அனுப்புவதே முறை. தரவுத்தளப் பதிவுகள் மாறிக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் அதைப் பார்த்த தேதியை எழுதுங்கள்.