விண்டோஸ் 11 ஏறவில்லையா? முதலில் பயாஸைப் பாருங்கள்

பழைய கணினியில் விண்டோஸ் 11 போடப் போனால் "டிபிஎம் 2.0 இல்லை" என்று வருகிறதா? டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு வசதி. புதுக் கணினி வாங்கக் கிளம்பும் முன் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ஒருமுறை போய்ப் பாருங்கள். கணினியை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் திறக்கும். செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்டு பகுதியில், இன்டெல் பிராசசர் என்றால் 'பிடிடி' (PTT), ஏஎம்டி என்றால் 'எஃப்டிபிஎம்' (fTPM) என்று இருக்கும். அதை 'எனேபிள்' ஆக்கிச் சேமித்துவிட்டு, மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியில் மறுபடி சோதியுங்கள்.

பல கணினிகளில் இந்த வசதி பிராசசரோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் மதர்போர்டில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அதனால்தான் விண்டோஸின் கண்ணுக்குப் படுவதில்லை. தனியாக டிபிஎம் சிப் வாங்கிச் செருக வேண்டியதில்லை.

பிட்லாக்கர் (வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், பயாஸைத் தொடும் முன் அதன் ரெக்கவரி கீயைக் கட்டாயம் வேறிடத்தில் எழுதி வையுங்கள். டிபிஎம் அமைப்பை மாற்றியதும் அதைக் கேட்கலாம்.

இன்டெல் 8ஆம் தலைமுறைக்கோ ஏஎம்டி ரைசன் 2000 வரிசைக்கோ முந்தைய பிராசசர் என்றால் இது பெரும்பாலும் உதவாது, விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசசர்களின் பட்டியலிலேயே அது இருக்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், அப்படிப்பட்ட கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நல்ல வழி.